'போதும்' என்னும் சொல்லும் கிறித்தவ மனநிறைவும்

தமிழர் பந்தியில் வழங்கும் சொற்களுள் 'போதும்' என்பது தனி இயல்பு வாய்ந்தது. இலைமுன் அமர்ந்து உண்பான் அதனைச் சொல்லலாம். பரிமாறுவான் சொல்லுதல் ஆகாது. பரிமாறுவான் உண்பானை நோக்கி 'உனக்குப் போதும்' என்று கூறின், அது சோற்றின் அளவைக் குறித்ததாக யாரும் கொள்ளார். தம்மை இழித்துரைத்ததாகவே கொள்வர். சொல் ஒன்று, பொருளும் ஒன்று, எனினும் சொல்லுவோன் யாவன் என்பது பற்றி அது பண்பாகவோ பண்பின்மையாகவோ மாறிவிடுகின்றது. இவ்வேறுபாடு மிகச் சிறியதெனத் தோன்றலாம். ஆயினும், கிறித்தவ மறை சிறப்பித்துக் கூறும் 'உள்ளது போதுமென அமைதல்' என்னும் அறத்தைத் தமிழில் விளங்கிக்கொள்வதற்கு இதனினும் நல்ல வாயில் பிறிதொன்று இல்லை என்பது எம் கருத்து.

'போதும்' என்பது 'போது' என்னும் வினையடியிற் பிறந்த, 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்று. 'எனக்கு இச்சோறு போதும்' என்புழிப் போதுவது சோறு. உண்பான் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கின்றான். பழைய வழக்கில் 'போதுதல்' செல்லுதல், வருதல் என்னும் பொருளில் ஆளப்பட்டமையைத் திருப்பாவை கற்றோர் அறிவர். செல்லுதற்பொருளினின்று 'வேண்டிய எல்லையைச் சென்றெட்டுதல்' என்னும் பொருள் கிளைத்திருத்தல் கூடும். அங்ஙனமாயின், 'போதும்' என்பது ஓர் எல்லையைத் தன்னகத்தே கொண்டு நிற்கும் சொல். எல்லை யாதும் கருதப்படாத இடத்து அச்சொல்லுக்கு வேலையில்லை. பொருட்பெருக்கம் மிக்க வாழ்வில் மனநிறைவு அரிதாவது ஏன் என்னும் வினாவுக்கு விடை ஒருவாறு இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. பொருள் குறைந்த காலத்து எல்லையை இன்மையே வகுத்துத் தருகின்றது. பொருள் பெருகிய காலத்து அதனை வகுப்பார் வேறு எவரும் இலர். உண்பவனே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

இனி, கிறித்தவ மறையில் இவ்வறம் பயிலும் இடங்களை நோக்குவாம். கத்தோலிக்கத் தமிழர் முன்னாளிற் 'சின்னப்பர்' என வழங்கிய பவுல் அடியாரின் பெயரால் வழங்கும் மடல்களில் மூன்று இடங்கள் இதற்கு இன்றியமையாதன. பிலிப்பியர்க்கு எழுதிய மடலின் 4ஆம் இயல், 11ஆம் தொடர் ஒன்று. திமொத்தேயுவுக்கு எழுதிய முதன்மடலின் 6ஆம் இயல், 6ஆம் தொடர் ஒன்று. கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் மடலின் 9ஆம் இயல், 8ஆம் தொடர் மற்றொன்று. கிரேக்க மூலத்தில் இம்மூவிடத்தும் 'அவுதார்க்கேயா' என்னும் சொல்லும் அதனடியாகப் பிறந்த பெயரடையுமே பயில்கின்றன. இலத்தீன் மொழிபெயர்ப்பும் 'சுபிசியென்சியா' என்னும் ஒரே சொற்குடும்பத்தால் மூன்றையும் பெயர்த்துப் பொருளொருமையைக் காத்தது.

தமிழிலோ நிலை வேறு. 1871ஆம் ஆண்டில் ஹென்றி பவர் முதலிய அறிஞர் குழுவினர் நிறைவேற்றியதும், சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளதுமாகிய மொழிபெயர்ப்பு மரபில், பிலிப்பியர் மடலில் 'மனரம்மியம்' என்றும், திமொத்தேயு மடலில் 'போதுமென்கிற மனது' என்றும், கொரிந்தியர் மடலில் 'சம்பூரணம்' என்றும் மூவேறு சொற்கள் நிற்கின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு முதலிரண்டு இடத்தும் 'மனநிறைவு' என்னும் ஒரு சொல்லை அமைத்து ஓரளவு ஒருமைப்படுத்தியது. இச்சொற்களை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தல் வேண்டும்; ஏனெனில், ஒரு மொழியில் ஓர் அறம் எச்சொல்லால் வழங்குகின்றதோ அச்சொல்லின் இயல்பையே அவ்வறமும் நாளடைவிற் பெற்றுவிடுகின்றது.

'மனரம்மியம்' உள்ளத்தின் இனிமையைச் சுட்டுவது. ரம்மியமான சோலை, ரம்மியமான மாலைப்பொழுது என்பன போலப் புறத்தேயுள்ள இனிய பொருள் உள்ளத்தை இழுத்து மகிழ்விக்கும் நிலையே அதன் அடிப்பொருள். சிறையிருந்து மடல் எழுதியவர்க்கு அது எத்துணை பொருந்தும் என்பதில் எமக்கு ஐயம் உண்டு. வடமொழியிற் 'சந்தோஷம்' என்பது யோக நூலார் கூறும் நியமங்களுள் ஒன்றாய், கிடைத்தது கொண்டு அமைதல் என்னும் பொருளுடையது. தமிழுக்கு வந்தபின் அது வெறும் மகிழ்ச்சியைக் குறிப்பதாய்த் தேய்ந்துவிட்டது. இன்று ஒருவன் பரிசில் பெற்றபோது 'சந்தோஷம்' என்கின்றானே அன்றி, பெறாது அமைந்தபோது அங்ஙனம் கூறுவதில்லை. அமைதலைக் குறித்த சொல் பெறுதலைக் குறிக்கும் சொல்லாயிற்று. 'மனநிறைவு' என்பதும் இவ்வழியே செல்கின்றதோ என அஞ்சவேண்டியுள்ளது. கடைகளும் நிறுவனங்களும் வாடிக்கையாளரின் மனநிறைவே தம் குறிக்கோள் என விளம்பரம் செய்கின்றன. வாங்குந்தோறும் நிறைவது மனம் எனின், அந்நிறைவு அடுத்த விளம்பரம் வரையிலுமே நிற்கும்.

இவற்றுள் 'போதுமென்கிற மனது' ஒன்றே எல்லையைச் சுட்டுகின்றது. நடை நோக்கின் அது பேச்சுவழக்கினது. செம்மை குறைந்தது என்றும் சிலர் கூறலாம். எனினும் மூலத்தின் உயிர்நிலையை அத்தொடரே பற்றியிருக்கின்றது. 'அவுதார்க்கேயா' என்பதன் பின்னுறுப்பாகிய 'அர்க்' என்னும் வினையடிக்குப் 'போதுதல்' என்பதே நேர்பொருள். முன்னுறுப்பு 'தான்' என்பதைக் குறிக்கும். 'தனக்குத் தான் போதியவன்' என்பது சொற்பொருள். அரிசுடாட்டில் இதனை இன்பவாழ்வின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்தார். இசுடோயிக்கு நெறியினர் இதனைப் பேரறிஞனுக்குரிய பெருமையாக்கினர். புறப்பொருள் எதனையும் வேண்டாது, எவர்க்கும் கடமைப்படாது, தன்னுள்ளேயே நிறைந்திருப்பவன் அவர்தம் சான்றோன். பவுல் பிறந்த தர்சு நகர் அந்நெறியினர்க்குப் பெயர்போன ஊர். அங்கு வழங்கிய சொல்லையே அவர் எடுத்தாண்டார். ஆனால் அதன் முன்னுறுப்பை ஏறக்குறைய வெறுமையாக்கிவிட்டார். தாம் அமைதற்குரிய வலிமை தம்மிடத்தினின்று வருவதன்று, தமக்கு வலுவூட்டுகின்ற ஒருவரிடத்தினின்று வருவது என்பது அவர் தொடர்ந்து கூறும் கருத்து. தனக்குத் தான் போதாதவன் எங்ஙனம் போதியவனாகின்றான் என்பதே கிறித்தவ மனநிறைவின் புதிர்.

பிலிப்பியர் மடலின் இப்பகுதி எழுந்த சூழலையும் கருதுதல் வேண்டும். உண்மையில் அஃது ஒரு நன்றியுரை. பிலிப்பி நகர்ச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பார் கையில் பொருளுதவி அனுப்பினர். சிறையிலிருந்த பவுல் அதனைப் பெற்றுக்கொண்டார். பெற்றதற்கு நன்றி கூறுமிடத்திலேயே, தாம் குறைவினால் இவ்வாறு கூறவில்லை என்றும், எந்நிலையிலும் அமைந்திருக்கக் கற்றுக்கொண்டதாகவும் எழுதுகின்றார். இசுடோயிக்கு அறிஞன் இவ்வுதவியை மறுத்திருப்பான். வேறொருவன் இதனினும் மிகுதியாக எதிர்பார்த்திருப்பான். இவரோ ஏற்கின்றார், ஏற்றபின் போதும் என்கின்றார். மேலும், வறுமையில் இருக்கக் கற்றதைப் போலவே வளத்தில் இருக்கவும் கற்றதாக அவர் உரைக்கின்றார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஈண்டுத் 'தாழ்ந்திருத்தல்', 'வாழ்ந்திருத்தல்' என எதுகைபட அமைத்தமை பாராட்டத்தக்கது. வறுமையைத் தாங்குதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை யாவரும் உடன்படுவர். வளத்தைத் தாங்குதற்கும் பயிற்சி வேண்டும் என்பது எளிதில் உடன்படத்தக்கதன்று. கற்றல் என்பதற்கு அவர் அவ்விடத்து ஆளும் கிரேக்க வினை, மறைபொருட் சடங்குகளில் ஒருவனைப் புகுத்துதலைக் குறிக்கும் கலைச்சொல். வளமும் ஒரு தீக்கை பெற்றே புகவேண்டிய களம் என்பது குறிப்பு.

இத்துணையும் கிரேக்க நாட்டுச் செய்தி. இக்கருத்தை ஏற்று வளர்ப்பதற்குத் தமிழ்நிலம் தன்னளவில் ஆயத்தமாயிருந்ததா எனின், ஆயத்தமாயிருந்தது என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டப் பகுதியோடு தொடர்புடைய சான்று ஒன்று நாலடியாரில் உண்டு. நாலடியார் நானூறு செய்யுளில் இரண்டே இடத்துப் 'பெருமுத்தரையர்' என்னும் பெயர் வருகின்றது. முத்தரையர் இன்றைய புதுக்கோட்டை, தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளை ஆண்ட குறுநில மன்னர். செந்தலைத் தூண் கல்வெட்டுக்களும் நார்த்தாமலைப் பழியிலி ஈச்சரக் கல்வெட்டும் அவர்தம் மரபை அறிவிக்கின்றன. நாலடியார் கூறும் பெருமுத்தரையர் இம்மரபினரே எனக் கொண்டு நூலின் காலத்தை வரையறுக்க முயன்றோர் பலர். காலக்கணக்கிலேயே கருத்தூன்றிய ஆய்வாளர் அவ்விரு செய்யுளும் எதனைப் பற்றியவை என்பதைப் பெரிதும் நோக்கினாரல்லர். இரண்டும் மனநிறைவைப் பற்றியவை.

தாளாண்மை அதிகாரத்து இறுதிச் செய்யுள் (200) கூறுவது இது: பெருமுத்தரையர் உவந்து அளிக்கும் கருனையோடு கூடிய சோற்றைக் கயவர் உண்பர், கருனையின் பெயரையும் அறியாதார்க்கோ தம் முயற்சியால் வந்த நீரும் அமிழ்தமாகும். 'கருனை' என்பது பொரிக்கறி. மன்னன் பந்தியிலுள்ள பொரிக்கறிச் சோறும் உழைப்பாளியின் கலத்திலுள்ள நீரும் எதிரெதிரே வைக்கப்பட்டுள்ளன. நீரை அமிழ்தாக்குவது அதன் அளவன்று. அது வந்த வழி. மானம் அதிகாரத்துச் செய்யுள் (296) இதனினும் நுட்பமானது. செல்வராயினும் கொடாதார் வறியரே. வறியராயினும் செல்வரிடஞ் சென்று இரவாதார் பெருமுத்தரையரே என்பது அதன் கருத்து. செல்வம், வறுமை என்னும் இரு சொல்லின் பொருளையும் அச்செய்யுள் தலைகீழாக்குகின்றது. ஒருவன் செல்வன் என்பதற்கு இலக்கணம் அவனிடத்து உள்ளது அன்று, அவனிடத்தினின்று செல்வது. வறியனுக்கு மேன்மை தருவது பெற்றது அன்று, பெற வேண்டி அவன் தாழாமை.

சமண முனிவர் வாய்மொழி எனப்படும் இதனையும் பவுல் அடியாரின் மடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு வியப்புத் தோன்றும். தம் கையால் உழைத்து எவரையும் சாராது வாழ்க என்று தெசலோனிக்கியர்க்கு எழுதியவர் தாளாண்மையைக் கூறினார். கொரிந்தியர் மடலின் 9ஆம் இயலில் அவர் ஈகையைக் கூறினார். அதனைப் பின்னர்க் காண்போம். இரண்டும் ஒன்றையொன்று கண்டு எழுதியவை அல்ல. மாந்தர் வாழ்வு இரண்டிடத்தும் ஒரு முடிவைத் தந்தது என்பதே இயல்பான விளக்கம். நாலடியாரை 1893இல் ஆக்சுபோர்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர் கிறித்தவத் தொண்டர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழ் அறநூலில் அவர் கொண்ட ஈடுபாட்டிற்கு இத்தகைய ஒப்புமைகள் துணைசெய்தன என்று கருதுதல் மிகையாகாது.

சமணரைக் குறிப்பிட்டமையால் சித்தன்னவாசலையும் ஒருவாறு சொல்லிச் செல்லுதல் தகும். அம்மலையின் மேற்புறத்து ஏழடிப்பட்டத்தில், பிராமி எழுத்துப் பொறித்த கற்படுக்கைகள் வழவழப்பாக இழைக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றில் ஒருவன் புரளவும் இடமில்லை. அதே மலையின் அறிவர் கோயில் விதானத்திலோ மீனும் புள்ளும் களிறும் நிறைந்த தாமரைப் பொய்கை ஓவியம். கற்படுக்கையில் துயின்ற மரபினரே பொய்கையையும் தீட்டுவித்தனர். வளம் அவர்கட்குப் பகையன்று. வளத்தைத் தமதென்று பற்றுதலே பகை.

அப்படியாயின் துறவும் மனநிறைவும் ஒன்றா என்னும் வினா எழும். இதற்கு விடை காணப் புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில், திருச்சிராப்பள்ளியை அடுத்துள்ள ஆவூருக்குச் செல்லுதல் வேண்டும். 1606இல் இராபர்ட்டு தெ நொபிலி தொடங்கிய மதுரை மிசனின் தலையாய நிலையங்களுள் ஆவூர் ஒன்று. அங்குப் பழைய கோயிலை எழுப்பியவர் புசே அடிகளார். அவர் அதனைக் கட்டிய ஆண்டு 1547 எனச் சில கையேடுகளில் அச்சேறியுள்ளது. மிசன் தோன்றுவதற்கு அறுபது ஆண்டு முன்னரே அதன் குரு ஒருவர் கோயில் கட்டியிருக்க இயலாது. புசே அடிகளார் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழகத்திற்கு வந்தவர். ஆண்டு எண் பிறழ்ந்தமை தெளிவு. இதனை எடுத்தெழுதுவோர் திருத்திக்கொள்ளல் நலம். புதிய கோயில் 1747ஆம் ஆண்டிற்குரியது. உயிர்ப்பு விழாத் தேரோட்டத்தால் ஆவூர் இன்றும் பெயர் பெற்றது.

அந்நாளைய மதுரை மிசன் குருமார் காவியுடுத்து, ஊனும் மீனும் மதுவும் நீக்கி, பெரும்பாலும் ஒருவேளை உணவே கொண்டு வாழ்ந்தனர் என்பதை, 1702 முதல் பாரிசில் தொகுத்து அச்சிடப்பெற்ற அவர்தம் மடல்களால் அறிகின்றோம். அம்மடல்களில் ஆவூர் பன்முறை பேசப்படுகின்றது. ஐரோப்பாவின் செல்வக் குடியிற் பிறந்து ஒருவேளைச் சோற்றுக்கு அமைந்தவரின் வாழ்வு அருள்வாழ்வே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அவர் ஒருவேளை உண்டது தம் விருப்பால். அவரைக் காணவந்த மானாவாரி உழவன் மழை பொய்த்த ஆண்டில் ஒருவேளை உண்டது வேறு வழியின்மையால். இருவர் கலத்திலும் இருந்த சோற்றின் அளவு ஒன்றாயிருக்கலாம், அறம் ஒன்றன்று. துறவி தன் எல்லையைத் தானே வகுத்தான். உழவனுக்கு வறட்சி வகுத்தது. உழவனைப் பார்த்து 'உனக்குப் போதும்' என்று ஒருவர் கூறியிருப்பின், அது பரிமாறுவோன் சொல்லிய சொல்லாகவே முடிந்திருக்கும். துறவு மனநிறைவுக்குச் சான்றாகலாம்; இல்லறத்தானுக்கு அதுவே வழியாகாது.

இல்லறத்தானுக்குரிய வழியைத் தமிழிற் காட்ட முற்பட்டவர் அதே மிசனைச் சார்ந்த வீரமாமுனிவர் (1680–1747). 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்ட தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. அதன் தலைவர் அரசரல்லர், வீரரல்லர். மரவேலை செய்து உண்ட சூசையப்பர். தமிழ்ப் பெருங்காப்பியத்திற்குத் தொழிலாளி ஒருவரைத் தலைவராக்கிய துணிவு இன்னும் உரியவாறு போற்றப்படவில்லை என்பது எம் எண்ணம். அவருக்கு முனிவர் இட்ட பெயர் 'வளன்'. எபிரேய மொழியில் யோசேப்பு என்னும் பெயர் 'கூட்டித் தருக' என்னும் வேண்டுதற் பொருளது; தொடக்கநூலில் இராக்கேல் தனக்கு மேலும் ஒரு மகவு வேண்டி இட்ட பெயர் அது. இன்னும் வேண்டும் என்று கேட்கும் பெயரைப் பெருக்கத்தைக் குறிக்கும் வளன் என முனிவர் பெயர்த்தார். போதும் என வாழ்ந்த தச்சனுக்கு வளம் என்று பெயர். இம்முரண் முனிவர்க்குத் தோன்றாதிருந்திருக்குமோ? தமிழ்ச்சொல் வளத்தில் அவர்க்கு இருந்த ஆட்சியை நோக்கின், தோன்றியே இருக்கும் எனத் துணியலாம்.

காப்பிய அமைப்பும் இதற்கு அரண் செய்கின்றது. மரபுவழி நாட்டுப்படலத்தையும் நகரப்படலத்தையும் முதலில் வைத்து, யூதேய நாட்டை மருதவளம் கொழிக்கும் தமிழ்நாடு போலவே முனிவர் புனைந்தார். வயலும் வாவியும் மாடமும் நிறைந்த அவ்வளத்தின் நடுவிலேயே வளன் பிறக்கின்றார். பால மாட்சிப் படலத்தில் இளைய வளன் உலகைத் துறந்து காடு நோக்கிச் செல்ல, வானவன் ஒருவன் முதியோன் வடிவில் தோன்றி, ஊரிடத்திருந்து அறஞ்செய்தலின் மேன்மையைக் கூறி மீட்கின்றான். ஆறாவதாகிய ஈரறம் பொருத்து படலம், பெயர்க்கேற்ப இல்லறத்தையும் துறவறத்தையும் ஒரு மனையில் இணைத்துக் காட்டுகின்றது. கதைப்பகுதிகள் பலவற்றிற்கு எசுபானியத் துறவி ஆகிரத மரியாள் எழுதிய நூல் மூலமாயிருப்பினும், இல்லறம் துறவறம் எனப் பகுத்து ஆராயும் நோக்கு தமிழ் அறநூல் மரபிற்கே உரியது. வளத்தை விட்டோடாது, வளத்தின் நடுவே கையுழைப்பில் அமைந்த வாழ்வு தேம்பாவணியின் உள்ளீடு. நாலடியார் கூறிய, நீரை அமிழ்தாக்கும் தாளாண்மையும் இதுவே.

இங்ஙனம் பாடியவரைப் பற்றியே தமிழ் மக்கள் கூறிவந்த கதை வேறு வகையினது. முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாறு, முனிவர் முத்தும் மாணிக்கமும் பதித்த குண்டலமும் பொற்கடகமும் அணிந்து, பல்லக்கில் புலித்தோல்மேல் அமர்ந்து, பட்டுக்குடை நிழற்றச் சென்றதாகக் காட்டுகின்றது. சந்தா சாகிபிடம் அமைச்சராயிருந்து ஊர்களை இறையிலியாகப் பெற்றார் என்றும் அக்கதை கூறும். 1918இல் முனிவர் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த பெசு அடிகளார் முதலியோர் இவற்றை ஐயுற்றனர். வறுமை நோன்பு பூண்ட சேசு சபையாருக்கு இவை பொருந்தா என்பது அவர் தம் வலிய காரணம். யாமும் ஐயுறுவோர் பக்கத்தேமே. ஆயினும் கதை பொய்யெனத் தள்ளிவிடுவதோடு ஆராய்ச்சி முடிந்துவிடாது. தச்சனைப் பாடிய புலவனுக்கு மக்கள் ஏன் பட்டுக்குடை பிடித்தனர்? பெருமையைப் பொருளால் அளந்து காட்டுவதல்லது வேறு அளவுகோல் அவர்களிடம் இருக்கவில்லை. நாலடியார் மாற்ற முயன்ற அளவுகோல் அஃது. தேம்பாவணியும் மாற்ற முயன்றது. பாடியவரையே மக்கள் பழைய கோலால் அளந்துவிட்டனர்.

மனநிறைவு பற்றிய பேச்சுக்கு எதிராக ஒரு வலிய தடை உண்டு. வறியோரை வறுமையிலேயே இருத்துதற்கு உடையோர் கண்ட மருந்து இது என்பர் சிலர். 'போதுமென்ற மனமே பொன்செய் மருந்து' என்னும் முதுமொழியைக் கூலி உயர்வு கேட்டவனிடம் எடுத்துரைத்த நிலவுடையோர் இருந்திருக்கலாம். அவ்வளவில் தடை நியாயமானதே. ஆயினும் மறைநூல் அதற்கு இடந்தரவில்லை. திமொத்தேயுவுக்கு எழுதிய முதன்மடலின் 6ஆம் இயலைத் தொடர்ந்து படிப்போர், போதுமென்னும் மனத்தைக் கூறிய ஆசிரியர் அதே இயலில் 17, 18ஆம் தொடர்களிற் செல்வரை நேரே நோக்கித் திரும்புவதைக் காண்பர். செல்வர்க்கு அவர் இடும் கட்டளை செருக்கின்மையும் பகிர்ந்தளித்தலும். வறியோன்பால் 'உனக்குப் போதும்' எனச் செல்வன் உரைக்கும் தொடர் ஒன்றும் அங்கில்லை. பவுல் போதும் என்றது தன்மையிடத்து, தம்மைப் பற்றி, சிறையிலிருந்து. தன்மையிடத்து அறமாகிய சொல்லை முன்னிலையிடத்துக்கு மாற்றுவார், பந்தியில் அகப்பையை வைத்துக்கொண்டு போதும் என்பாரை ஒப்பர்.

தன்னளவில் போதும் எனக் கூறியபின் எஞ்சியது என்னாகும்? கொரிந்தியர் இரண்டாம் மடல், 9ஆம் இயலின் சிறப்பு இவ்விடத்து விளங்கும். 'அவுதார்க்கேயா' அங்கு வருவது, எருசலேமில் வாடிய ஏழையர்க்குப் பொருள் தண்டும் முயற்சியைப் பற்றிய பகுதியில். உங்கட்குப் போதுமானது இருக்கும். அதனால் நற்செயலுக்கு உங்களிடத்து மிகுதியும் இருக்கும் என்பது கருத்து. போதுமை என்பது ஈகைக்கு முன்நிலை. எல்லை வகுத்தவனுக்கே எஞ்சியது எது எனத் தெரியும். எல்லை வகுக்காதவனிடத்து எத்துணைப் பெருகினும் எஞ்சுவது ஒன்றும் இல்லை.

இதனைப் புதுக்கோட்டை உழவர்க்கு விளக்க நூல் வேண்டா. மாவட்டம் முழுதும் கண்மாய்களும் ஏரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்துள்ளன. ஒவ்வொன்றற்கும் கலிங்கு ஒன்று உண்டு. கலிங்கின் மட்டம் கல்லால் வரையறுக்கப்பட்டது. அம்மட்டம் எட்டியபின் வரும் நீர் அக்கண்மாய்க்கு உரியதன்று. வழிந்து கீழ்க்கண்மாய்க்குச் செல்லும். மழைக்காலத்து இறுதியில் கலிங்கின் குத்துக்கற்களிடையே பலகையோ புல்லும் மண்ணுமோ அடைத்துச் சிறிது நீர் மிகுதியாகத் தேக்குதல் வழக்கம். அளவு கடந்து அடைப்பின் கீழூரார் வந்து வழக்கிடுவர். அடாது பெருமழை பெய்தால் கரையே உடையும். கலிங்கு இல்லாத கண்மாயைக் கட்டுவார் எவரும் இலர். அது நீரை வேண்டாம் என்பதன்று. நிறையக் கொண்டபின் வழிவிடுவது. கிறித்தவ மனநிறைவுக்கு இதனினும் பொருத்தமான உவமை ஐரோப்பிய அருளுரை நூல்களிற் கண்டதாக எமக்கு நினைவில்லை.

இதே மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்ப்புறங்களில் ஆடித் திங்களில் நடைபெறும் மொய்விருந்தும் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. விருந்தளிப்பவன் ஆட்டிறைச்சியோடு சோறிடுகின்றான். உண்டவர் மொய் எழுதுகின்றனர். எழுதிய தொகை ஏட்டிற் பதியப்படுகின்றது. முறை வரும்போது அத்தொகையை மிகுதியோடு திருப்பிச் செய்தல் கடன். ஒருவனிடத்து எஞ்சிய பொருள் மற்றொருவனுக்கு முதலாகித் தொழிலும் வேளாண்மையும் நடைபெற இது துணைசெய்து வந்திருக்கின்றது. இதனைப் பேராசை எனப் பழிப்பது அறியாமை. ஈகை எனப் புகழ்வதும் பொருந்தாது. ஏடு இருக்கும்வரை அது கடனே. மேற்கண்மாய் கீழ்க்கண்மாயிடம் நீரைத் திருப்பிக் கேட்பதில்லை. நாலடியார் கூறிய பொரிக்கறிச் சோற்றுப் பந்தியையும் இப்பந்தியையும் ஒருசேர நினைக்கும்போது, தம் தாளாண்மையாலன்றிப் பெற்ற சோற்றைக் குறித்து அந்நூல் கொண்ட அச்சம் வேறு உருவில் இன்றும் நிலவுவது புலனாகும். உண்டவன் கடன்படாது எழமாட்டான். எழுந்தபின் திருப்பாது அமையமாட்டான். இரவாமையாகிய மானம் இதில் உண்டு. போதும் என்னும் எல்லை இதில் இல்லை. தொகை முறைதோறும் ஏறிக்கொண்டே செல்வது அதனால்தான்.

இனி மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. மூவிடத்தும் நிற்கும் ஒரு கிரேக்கச் சொல் தமிழில் மூன்றாகப் பிரிந்தமையால், பிலிப்பியர் மடலில் அமைதியையும், திமொத்தேயு மடலில் எளிமையையும், கொரிந்தியர் மடலில் ஈகையையும் தனித்தனி அறங்களாகத் தமிழ்க் கிறித்தவர் கொண்டனர். ஆசிரியர்க்கு அவை ஓர் அறத்தின் மூன்று முகங்கள். 'சம்பூரணம்' என்னும் சொல் கொரிந்தியர் மடலில் நிற்குமளவும், படிப்போர் அதனை நிறைந்த செல்வம் என்றே கொள்வர். ஈவோர்க்குச் செல்வம் பெருகும் என்னும் வாக்குறுதியாக அத்தொடர் மேடைகளில் எடுத்தாளப்படுவதற்கு அச்சொல்லும் ஒரு காரணம். 'போதுமை' என்னும் ஆக்கச்சொல் சிலர் செவிக்கு இன்னாதாயிருக்கலாம். அங்ஙனமாயின் 'போதிய அளவு' என்றாவது அவ்விடத்துப் பெயர்த்து, மற்றை ஈரிடத்தும் 'போதும்' என்னும் வினையடியையே பயன்படுத்தி மூன்றையும் இணைக்கலாம். அடுத்த திருத்தப் பதிப்பை மேற்கொள்வோர் இதனை ஆராய்வாராக.